கொழும்புக்கு மூச்சு வாங்குகிறது

பிப்ரவரி 9, திங்கள்

லியோன் இன்று விடியலில் கப்பலுக்குக் கிளம்பிவிட்டான். வருவதற்கு ஆறு மாசம் ஆகும். போகிற பிள்ளை அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுவான் என்று நானும் முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவன் நாயைக் கட்டிப்பிடித்து அழுதான். எனக்குக் கன்னத்தில் ஒரு முத்தம். நாய்க்கு நெற்றியில், காதில், மூக்கில்.

நாயின் பெயர் கொழும்பு. முதல் கப்பல் வேலையில் கொழும்பு போய்த் திரும்பிய கையோடு, கோவில்பட்டிப் பக்கம் யாரிடமோ இந்தச் சிப்பிப்பாறைக் குட்டியை வாங்கிவந்து அந்தப் பெயரை வைத்தான். ஊரில் நாய்க்கு மணி என்றும் டைகர் என்றும் பெயர் வைப்பார்கள். நான் தூத்துக்குடித் தெருவில் நின்றுகொண்டு "கொழும்பு, இங்க வா" என்று கத்தினால் போகிறவர்கள் எல்லாம் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

கார் நகரும்போது கண்ணாடியை இறக்கி, "அம்மா, தினம் காலையில இவன நடக்கக் கூட்டிட்டுப் போணும். இவன் ஓடுற சாதி. வீட்டுக்குள்ளயே கெடந்தா சீக்கு வந்துரும். நான் வரும்போது இதே மாதிரி என் கையில குடுத்துரணும்" என்றான்.

"உன்ன வளத்த மாதிரியே வளக்கேன். போயிட்டு வா" என்றேன்.

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

என் வீட்டுக்காரர் அல்போன்ஸ் கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் நானும் லியோனும்தான். இனி நானும் இந்த நாயும். அது வாசலிலேயே படுத்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 11, புதன்

ஐயா கப்பலில் இருந்துகொண்டே உத்தரவு போடுகிறார். வாட்ஸப்பில் ஒன்றன் பின் ஒன்றாக வாய்ஸ் மெசேஜ். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாதாம், நெஞ்சுப்பட்டையில்தான் மாட்ட வேண்டுமாம். வெயிலுக்கு முன்னால் போய் வெயிலுக்கு முன்னால் திரும்ப வேண்டுமாம். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும், என் கை தாங்காத சூட்டை அவன் பாதமும் தாங்காதாம். சாப்பிட்ட கையோடு நடக்கக் கூடாது. தண்ணீர் கொண்டுபோக வேண்டும். மூச்சு வாங்கினால் இழுக்காமல் நிறுத்தி உட்கார வைக்க வேண்டும். எங்கேயும் தனியாக விடவே கூடாது.

இத்தனை அக்கறையோடு என்னைப் பற்றி இதுவரை யாரும் பேசியதில்லை. அதையும் அவனிடம் சொன்னேன். சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினான்.

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. புக் பண்ணியிருக்கிறேன்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். இன்றிலிருந்து ஈஸ்டர் வரை எனக்கு மீனும் கறியும் கிடையாது. நாய்க்கு மட்டும் கோழி வேகிறது. எலும்பைப் பொறுக்கி எடுத்துவிட்டு, உப்பு போடாமல். தவக்காலத்தில் கோழி வாசத்தை மோந்துகொண்டே கஞ்சி குடிக்கிற புண்ணியம் எனக்குத்தான் கிடைத்திருக்கிறது.

நடை ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. எங்கள் தெரு, பிறகு பேக்கரி முக்கு, பிறகு வாய்க்கால் பாலம், அதைத் தாண்டினால் கடற்கரை. பேக்கரிக்காரர் விடியலிலேயே மக்ரூன் சுட ஆரம்பித்துவிடுகிறார். அந்த இடத்தில் நாய் நிற்கும், நானும் நிற்பேன். இரண்டு பேருக்கும் அது ஆகாது, இரண்டு பேரும் மூக்கை மட்டும் நிரப்பிக்கொண்டு நடையைக் கட்டுகிறோம். உப்பு லாரி வந்தால் கயிற்றைச் சுருட்டி என் காலோடு ஒட்டி நிற்க வைக்கிறேன். தெரு நாய்கள் வந்தால் ஓடாமல், அவற்றின் கண்ணைப் பார்க்காமல், மெதுவாக எதிர்ப்பக்கம் மாறிவிட வேண்டும். முத்துச்செல்வியின் மாமியாரைக் கண்டாலும் நான் அதைத்தான் செய்கிறேன்.

முத்துச்செல்வி பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் ராசையா ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல பெண். வாய்தான் கொஞ்சம் நீளம்.

பிப்ரவரி 27, வெள்ளி

நாயின் உடம்பு எனக்குக் கவலையாக இருக்கிறது. பாலத்துக்கிட்டே வந்ததும் நின்றுவிட்டது. அசையவில்லை. சரி, லியோன் சொன்னபடி மூச்சு வாங்கினால் உட்கார வைக்க வேண்டுமே என்று நான் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். அதுவும் காலடியில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கடல் காற்று வாங்கினோம். எனக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. வெறும் கஞ்சி எத்தனை நேரம் தாங்கும்.

கயிற்றை இழுத்து இழுத்து இடது கை தோளிலிருந்து விரல் வரை குடைகிறது. நாளையிலிருந்து வலது கையில் பிடிக்க வேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

வலது கைக்கு மாற்றியும் இடது கைதான் வலிக்கிறது. பழைய இழுப்பின் வலி போக நாளாகும் போலிருக்கிறது. தைலம் தேய்த்தேன். கொழும்பு தைல வாசத்துக்குத் தும்மித் தும்மி வேறு அறைக்குப் போய்விட்டான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்பி வந்து தும்மிக்கொண்டே பக்கத்தில் படுத்தான்.

மார்ச் 6, வெள்ளி

நடக்கும்போதே லியோனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். உன் நாய் சௌக்கியம், கடல் சௌக்கியம், அம்மாவும் சௌக்கியம் என்று. மதியம் பதில் வந்தது.

"அம்மா, பின்னால யாருக்கோ மூச்சு எரைக்குதே. யாருக்கு?"

"வேற யாரு, உன் நாய்க்குத்தான்" என்று அனுப்பினேன்.

நான் ரிட்டையர் ஆகும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தே காது தேய்ந்தவள். அந்த முனையில் ஒருவர் ஹலோ சொல்வதை வைத்தே கல்யாணச் செய்தியா சாவுச் செய்தியா என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதைப் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டேன், கப்பலில் இருந்துகொண்டு மூச்சை எண்ணுகிறான்.

மார்ச் 15, ஞாயிறு

முத்துச்செல்வி காலையில் கோலப் பொடியோடு நின்றவள், நாங்கள் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஆளே வெளிறிப்போய் வாரீய?" என்றாள்.

"இவனுக்கு முடியல செல்வி. பாலம் வரைக்கும் போறதுக்குள்ள நின்னு நின்னு வாரான்."

அவள் கொழும்பைப் பார்த்தாள். அவன் அவளுடைய கோலப் பொடிக் கிண்ணத்துக்குள் மூக்கை விட்டு, வெள்ளை மூக்கோடு வாலை ஆட்டினான்.

"நாய்க்கு ஒண்ணும் தெரியலயே அக்கா. ஒங்களத்தான் பாக்கவே முடியல. ஒரு எட்டு டாக்டரப் பாருங்களேன்."

"தவக்காலத்துல எல்லாரும் அப்படித்தான் இருப்பாவ" என்று உள்ளே வந்துவிட்டேன். அவளுக்கு எல்லாரையும் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஆட்டோவுக்குச் சவாரி கிடைக்குமல்லவா.

இடது கடைவாய்ப் பல்லும் சேர்ந்துகொண்டது. நடந்தால் தாடை விண்விண் என்கிறது, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது. நடந்தால் வலிக்கிற பல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை. கிராம்பு வைத்தேன்.

மார்ச் 21, சனி

நடை இல்லை. கொழும்புக்கு ஓய்வு கொடுத்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். தூங்கி எழவே தாமதம், எழுந்தும் ஒரு மாதிரி அசதி. வெயில் ஏறிய பிறகு கிளம்பினோம். திரும்பும்போது கொழும்பு பாதத்தை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைத்தான். புறங்கையை ரோட்டில் வைத்தேன், தோசைக் கல். பாட்டில் தண்ணீரை எல்லாம் அவன் பாதத்தில் ஊற்றி, சுவர் நிழலிலும் மணலிலுமாக ஓரம் பிடித்தே கூட்டிவந்தேன். குனிந்து நிமிர்ந்ததில் கண் இருட்டிவிட்டது, அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கல் மாதிரி அசையாமல் நின்றான். அந்தச் சூட்டில், நான் கையை எடுக்கும்வரை.

வீட்டுக்கு வந்து அவன் பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவும்போது எனக்கு அழுகை வந்தது. வாயில்லாப் பிராணி. எனக்கு அவன் மேல் ஆசைதான். இதை லியோனிடம் சொல்லப்போவதில்லை, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

மார்ச் 29, ஞாயிறு

குருத்து ஞாயிறு. கோயிலில் இருந்து திரும்புகிற வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்தேன். இன்று கொழும்பு என்னோடு வரவில்லை. வெயில் அப்படி.

ஏப்ரல் 3, வெள்ளி

பெரிய வெள்ளி. சிலுவைப் பாதையில் பாதியிலேயே திரும்பிவிட்டேன். கொழும்புக்குப் பசிக்குமே என்று.

ஏப்ரல் 6, திங்கள்

ஈஸ்டருக்கு வாழ்த்து சொல்ல, நடக்கும்போது போட்ட மெசேஜிலும் லியோனுக்கு அந்த மூச்சு கேட்டுவிட்டது. இந்த முறை நேரே கூப்பிட்டுவிட்டான், நடுக்கடலில் இருந்து, விட்டு விட்டு.

"அம்மா, அவனுக்கு நெஞ்சுல ஏதோ கோளாறு இருக்கு. இந்தச் சாதி நாய் இப்படி எரைக்காது. நாளைக்கே டாக்டர்ட்ட காட்டும்மா. அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்."

அவன் குரல் எனக்குத் தெரியாதா. பயந்திருக்கிறான். இதே மாதிரி கையில் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிய பிள்ளை அல்லவா. ராத்திரி ஜெபத்தில் இவன் பெயரையும் சேர்த்தேன். மாதாவே, கொழும்பைக் காப்பாற்றும் என்று. நான் இலங்கையைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்று மாதா நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 8, புதன்

இன்று நாய் டாக்டர். கொழும்பைக் குளிப்பாட்டித் துவட்டினேன். நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டேன். ராசையா வெளியூர் சவாரி, வேறு ஆட்டோ சொல்லியிருக்கிறார். முத்துச்செல்வி கூட வருகிறாள். கொழும்புக்கு ஒன்றும் இருக்கக் கூடாது.

ஏப்ரல் 12, ஞாயிறு

புதன்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. முத்துச்செல்வி இந்த டைரியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில், கையில் ஊசி, எழுத்து கோணலாகப் போகிறது.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் காந்திமதி என்று ஒரு பெண். எனக்கு மகளாக இருக்கலாம், அவ்வளவு வயசுதான். மேசை மேல் ஏறி நின்ற கொழும்பின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள், ஈறைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள், காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"இவனுக்கு ஒண்ணும் இல்லம்மா. நெஞ்சு கணீர்னு இருக்கு."

"ஒங்க மெஷின் சரியா இருக்கான்னு பாருங்க" என்றேன். முத்துச்செல்வி என்னைக் கிள்ளினாள். நான் விடவில்லை. போனை எடுத்து லியோனுக்கு அனுப்பிய மெசேஜைப் போட்டுக் காட்டினேன். டாக்டர் ஒரு தடவை கேட்டாள். மறுபடி போடச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் நாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"தினம் இவன யாரு நடத்திட்டுப் போறது?"

"நான்தான்."

"அந்த வேப்பமரம் வரைக்கும் ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. எப்படி நடக்கான்னு பாக்கேன்."

கூட்டிப்போனேன். மரத்துக்குப் பாதி தூரத்தில் கொழும்பு நின்றுவிட்டான். நான் திரும்பி, "பாத்தீங்களா, நின்னுட்டான்" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல் முழுசாக வரவில்லை. டாக்டர் ஓட்டமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவன் களைச்சு நிக்கல. களைச்ச நாய் நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிழலத் தேடும். இவன் வாயக்கூடத் தெறக்கல. ஒங்க மூஞ்சியத்தான் பாக்கான். நீங்க நிக்கப்போறீங்கன்னு ஒங்களுக்கு முந்தி அவனுக்குத் தெரியுது."

நான் கொழும்பைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடது கை வலிக்குமா?"

"கயிறு இழுக்கான்லா. அதனால."

"கயிறு வலது கையிலதானம்மா இருக்கு."

குனிந்து பார்த்தேன், வலது கைதான். தாடையும் வலிக்குமா என்று கேட்டாள், பல்வலியைச் சொன்னேன். "நான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பாக்கிறவ. மனுஷங்களுக்கு வைத்தியம் சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா இப்பவே, இந்த ஆட்டோவுலயே, நீங்க நெஞ்சு டாக்டர்ட்ட போறீய" என்றாள். காத்திருந்தவர்களிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அவளே என்னோடு ஏறிக்கொண்டாள். கொழும்பின் கயிறு முத்துச்செல்வி கைக்குப் போனது. ஆட்டோ தெரு முக்கு திரும்பும்வரை அவன் குரைத்தது கேட்டது. அவன் குரைக்கிற நாயே இல்லை.

இங்கே வந்த பிறகு நடந்தது அவ்வளவாக நினைவில்லை. நெஞ்சு ரத்தக் குழாய் ஒன்றில் ஏறக்குறைய முழு அடைப்பாம். ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்று நெஞ்சு டாக்டர் ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். "யார் உங்களை இங்கே அனுப்பியது?" என்று கேட்டதற்கு "நாய் டாக்டர்" என்றேன். நர்ஸ் மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

லியோன் கூப்பிட்டான். முதலில் ஒன்றுமே பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று யாரும் நினைத்திருப்பார்கள். நான் நினைக்கவில்லை. பேசாமல் அழுகிறவர்களின் லைன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, அந்த மூச்சு ஒன்னோடதாம்மா?" என்றான் பிறகு.

"ஆமாம் மக்கா."

"நான் நாய்னு நெனச்சுட்டேனே. ஒன் மூச்சக் கேட்டுட்டு நாயக் கூட்டிட்டுப் போகச் சொன்னேனே."

"நீ சொல்லப் போய்த்தானல நான் அங்க போனேன். எனக்குன்னா நான் போயிருப்பேனா."

வேலையை விட்டு வருகிறேன் என்றான். வேண்டாம், முடித்துவிட்டே வா என்றேன். போனை வைத்த பிறகு நானும் அழுதேன். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. இதை நேற்று வரை நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வீடு. கொழும்பு என் மேல் தாவுவானோ என்று முத்துச்செல்வி கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவன் தாவவில்லை. மெதுவாக வந்து என் முழங்காலில் தலையை முட்டுக்கொடுத்து நின்றான். ரொம்ப நேரம் நின்றான்.

"இவன என்னால நடத்த முடியல அக்கா. பாலத்துக் கட்டைகிட்ட வந்ததும் நின்னுட்டு அசைய மாட்டேங்கான். நானும் ஒங்கள மாதிரி உக்காரணுமாம். தினம் அங்க உக்காந்து எந்திச்சு வாரேன், ஊர்ல எல்லாரும் எனக்கு என்ன சீக்குன்னு கேக்காவ."

மே 11, திங்கள்

நெஞ்சு டாக்டர் இன்று நடக்கச் சொல்லிவிட்டார். கூடவே உத்தரவுகள். வெயிலுக்கு முன்னால் போய் வெயிலுக்கு முன்னால் வர வேண்டும். சாப்பிட்ட கையோடு நடக்கக் கூடாது. தண்ணீர் கொண்டுபோக வேண்டும். மூச்சு வாங்கினால் நிறுத்தி உட்கார வேண்டும். தனியாகப் போகவே கூடாது.

நான் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். கழுத்துப் பட்டையா நெஞ்சுப்பட்டையா என்பதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. முத்துச்செல்விக்குப் புரிந்தது, வெளியே போய்ச் சிரித்தாள்.

மே 30, சனி

இப்போது லியோனுக்கு ஒவ்வொரு நடைக்கும் வாய்ஸ் மெசேஜ் போயாக வேண்டும். நாய்க்காக அல்ல.

இன்று கடற்கரை மணலில் ஒரு பூனை குறுக்கே போய்விட்டது. ஒரே இழுப்பு, நெஞ்சுப்பட்டையை மாட்டியிருந்த கொக்கி கழன்று கயிறு மட்டும் என் கையில். லாரிப் பக்கம் போகாமல் கடல் பக்கம் ஓடினானே, அந்த மட்டும் புண்ணியம். பூனை கிடைக்கவில்லை. நான் ஒரு தடவை கூப்பிட்டதும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். தண்ணீர் கொடுத்து, கொக்கியைச் சரி பண்ணி, அவன் பக்கத்தில் நின்று லியோனுக்கு மெசேஜ் போட்டேன். வீட்டுக்கு வரும் முன்னே வீடியோ கால் வந்துவிட்டது.

"அம்மா, மூச்சு எரைக்குது. எங்க இருக்க? உக்காரு. மாத்திரை இருக்கா?"

"ஏல, இந்தத் தடவ நெசமாவே உன் நாய்தான்."

"முந்தியும் அதத்தானம்மா சொன்ன."

போனைக் கொழும்பின் வாய்க்கு நேரே பிடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அவன் அதை நக்கினான். லியோன் ரொம்ப நேரம் சிரித்தான்.

திரும்பும்போது பாலத்துக் கட்டைக்கிட்டே கொழும்பு நின்றான். எனக்கு மூச்சு வாங்கவில்லை, கை வலிக்கவில்லை, இன்னொரு தடவை கடற்கரைக்குப் போய் வரச் சொன்னாலும் போயிருப்பேன். "எனக்கு ஒண்ணும் இல்ல, நட" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்படித்தானே மாசக்கணக்காகப் பார்த்திருக்கிறான், நான்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி என்று உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.